சொந்த ஊர் எது? ஃபோகல்ஸ்பெர்க் கிராமங்களில் வேர் தேடியவர்களின் அனுபவங்கள்

ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து

கல்யாணத்துக்கு முன்னால் என் கணவரை அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப் போனேன். ஆச்சி கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்குச் சொந்த ஊரு எது?" அவர் பிட்ஸ்பர்க் என்றார். "அது இருக்குற ஊருலா. சொந்த ஊரு எதுன்னு கேளு" என்றாள். அவருக்குப் பதில் தெரியவில்லை. முன்னோர் ஜெர்மனியில் எங்கிருந்தோ வந்தவர்கள் என்று அவருடைய தாத்தா சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அன்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை. உங்கள் ஆச்சிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடம் கழித்து அவருக்கு ஃபிராங்ஃபர்ட்டில் வேலை கிடைத்தது. அப்போதுதான் தேடத் தொடங்கினோம்.

எல்லாரையும் போல நாங்களும் கப்பலில் ஆரம்பித்தோம். என் கணவரின் முன்னோர் பிரேமன் துறைமுகத்தில் ஏறியவர்கள் என்பது குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி. ஆனால் பிரேமன் பயணிகள் பட்டியல்களில் பெரும்பகுதி இப்போது இல்லை. வைக்க இடமில்லை என்று ஒரு காலத்தில் பிரேமன் அதிகாரிகளே அழித்துவிட்டார்கள், மிச்சம் போரில் போனது. ஹாம்பர்க் வழியாகப் போனவர்களின் சந்ததிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே 1850 முதல் 1934 வரையிலான பட்டியல்கள் கிடைக்கின்றன.

ஊர்ப் பெயர் கிடைத்தது ஜெர்மனியில் இல்லை, பிட்ஸ்பர்க்கிலேயே. ஜெர்மானியக் குடியேறிகள் அங்கே தங்கள் மொழியில் நடத்திய தேவாலயம் ஒன்றின் திருமணப் பதிவேட்டில், 1858இல் மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே "உடென்ஹவுசன், ஹெஸ்ஸன்" என்று எழுதியிருந்தது. அமெரிக்க அரசு ஆவணங்கள் பெரும்பாலும் நாட்டின் பெயரோடு நின்றுவிடும். போதகர்தான் ஊரைக் கேட்டு எழுதியிருக்கிறார். இந்தத் தேடலில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: குடியேறிய ஊரின் தேவாலயத்தை முதலில் பாருங்கள்.

சரி, ஊர் கிடைத்துவிட்டது என்று காரை எடுத்துக்கொண்டு காசலுக்கு வடக்கே கிரேபன்ஸ்டைன் பக்கத்திலுள்ள உடென்ஹவுசனுக்குப் போனோம். நான்கு மாதம் அந்த ஊரிலேயே தேடிக்கொண்டிருந்தோம். ஒரு பெயர்கூடப் பொருந்தவில்லை. அப்புறம்தான் ஃபோகல்ஸ்பெர்க் மாவட்டத்தில் கிரேபனாவ் என்ற சின்ன நகரத்தோடு சேர்ந்த இன்னொரு உடென்ஹவுசன் இருப்பது தெரிந்தது. கிரேபன்ஸ்டைன், கிரேபனாவ், இது போதாதென்று அதே மாவட்டத்தில் கிரேபன்ஹைன். காதில் விழுந்ததை வைத்து எழுதிய அமெரிக்க எழுத்தர்களிடம் இந்த மூன்றும் என்ன பாடுபட்டிருக்கும்!

குழப்பத்தைத் தீர்த்தது 1870ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு. அதில் பிறந்த இடம் "ஹெஸ்ஸ டார்ம்ஸ்டாட்" என்று இருந்தது. அந்தக் காலத்தில் ஹெஸ்ஸன் என்ற பெயரில் இருந்த அரசு ஒன்றல்ல. காசலைத் தலைநகராகக் கொண்டது ஒன்று, அதை 1866இல் பிரஷ்யா சேர்த்துக்கொண்டது. டார்ம்ஸ்டாட்டைத் தலைநகராகக் கொண்டது மற்றொன்று. கிரேபன்ஸ்டைன் முதலாவதில், கிரேபனாவ் இரண்டாவதில். முதலிலேயே அந்த ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

அப்புறம் டார்ம்ஸ்டாட்டில் உள்ள சுவிசேஷ (புராட்டஸ்டன்ட்) திருச்சபையின் மத்திய ஆவணக் காப்பகம். அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு ஜெர்மனி முழுவதும் வந்தது 1876இல்தான். அதற்கு முன்னால் திருச்சபை ஏடுதான் எல்லாம்: ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். அதைப் படிக்கத் தெரிய வேண்டுமே! குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்து. அதில் e பார்ப்பதற்கு n போல இருக்கும். u எழுத்தின் தலையில் ஒரு சின்ன வளைவு போட்டிருந்தால்தான் அது n இல்லை என்று தெரியும். என் கணவர் மலைத்துப்போனார். எனக்கு அவ்வளவு பயமில்லை. ஆச்சி கடிதங்களில் "லை", "னை" எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவத்தில்தான் வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு படித்த நான், அந்தக் கடிதங்களைப் படிக்கத் தனியாகக் கற்றுக்கொண்டவள். எழுத்து மாறும், கண் பழகிவிடும். மூன்று வாரம் தினமும் அரை மணி நேரம் அந்த எழுத்தில் எழுதிப் பார்த்தேன். படிப்பதைவிட எழுதிப் பழகினால் சீக்கிரம் பிடிபடுகிறது.

1831 ஞானஸ்நான ஏட்டில் அந்தப் பிட்ஸ்பர்க் மாப்பிள்ளை இருந்தார். மாதம் இருந்த இடத்தில் "7பெர்" என்று எழுதியிருந்ததை நான் ஜூலை என்று நினைத்துவிட்டேன். அது செப்டம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. அப்பா தொழில் லினன் நெசவு. ஃபோகல்ஸ்பெர்க் அணைந்துபோன எரிமலைப் பகுதி, பாறையும் குளிரும் உள்ள மேட்டு நிலம். விளைச்சல் போதாத வீடுகளில் தறிதான் சோறு போட்டது. ஆலைத்துணி வந்து தறியை நிறுத்தியது, 1840களில் உருளைக்கிழங்கிலும் நோய் விழுந்தது. பக்கத்தில் கெடெர்ன் அருகே வெர்னிங்ஸ் என்ற கிராமம் 1842இல் மொத்தமாகவே அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போய்விட்டது. ஏட்டின் ஓரத்தில், வேறு மையில், பிற்பாடு யாரோ ஒரே சொல் எழுதிவைத்திருந்தார்கள்: "அமெரிக்கா".

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பேரன். அந்தக் கிராமங்களில் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஞானஸ்நானத்தின்போது பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரின் பெயர். அதனால்தான் ஒரே வீட்டில் இரண்டு யோஹானஸ் வருகிறார்கள். முதலில் இது எரிச்சலாக இருந்தது. பிறகு புரிந்தது: ஞானத்தகப்பன் யார் என்று பார்த்தாலே பாதி உறவு வெளியே வந்துவிடும். அவர் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார்.

ஊருக்குப் போன நாள்தான் எல்லாவற்றிலும் பெரியது. ரயில் ஆல்ஸ்ஃபெல்ட் வரைதான், அதன் பிறகு டாக்சி. தேவாலயத்தின் எதிரே தோட்டவேலை செய்துகொண்டிருந்த ஒரு பாட்டியிடம் குடும்பப் பெயரைச் சொன்னோம். தலையை ஆட்டினார், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. நெசவுக்காரர்கள் என்று சொன்னதும் முகம் மாறியது. "அப்படியானால் நெசவாளி வீடு!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கென்று ஒரு பெயர் உண்டு. குடியிருப்பவர் யாராக இருந்தாலும் ஊருக்குள் அந்தப் பெயர்தான். இப்போது அங்கே இருப்பவர் மின்சார வேலை பார்ப்பவர், குடும்பப் பெயரும் வேறு. ஆனாலும் அவர் "நெசவாளி வீட்டுக்காரர்". எங்கள் ஊர் "பட்டறை வீடு" எனக்கு ஞாபகம் வந்தது, பட்டறை நின்று அறுபது வருடம் ஆகிறது.

பாட்டி போன் போட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை வரவழைத்தார். அவர் கையில் ஊர் வரலாற்று நூல், வீடு வீடாக யார் இருந்தார்கள் என்ற பட்டியலோடு. நாங்கள் ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் தேடியதில் பாதி அதில் அச்சாகியே இருந்தது.

அங்கிருந்தே ஆச்சியை வீடியோவில் கூப்பிட்டோம். "சொந்த ஊரு கெடைச்சிருச்சு ஆச்சி" என்று என் கணவர் தமிழில் சொன்னார். ஆச்சி வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டாள். ஊருக்கு நடுவே ஓடும் ஓடையைக் காட்டினோம்.

இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. 1831இல் பிறந்தவரின் அம்மா யார்? 1829 திருமணப் பதிவில் அவர் பெயருக்கு அப்புறம் மை படிந்த ஒரு சொல், அதன் பின் "ஃபான் ஷ்வார்ட்ஸ்". ஜெர்மன் பிரபுக்களின் பெயரில் "ஃபான்" வருமே, ஏதோ பிரபுக் குடும்பமா என்று தேடி அலுத்துவிட்டேன்.

காசலிலிருந்து

அக்கா, உங்கள் முடிச்சைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் மனைவி கஜகஸ்தானில் பிறந்தவள். 1990களில் பெற்றோரோடு ஜெர்மனிக்கு வந்தாள். பள்ளியில் அவளை "ரஷ்யக்காரி" என்பார்களாம். கஜகஸ்தானில் அவள் பாட்டியை "ஜெர்மன்காரி" என்றார்கள். இரண்டு இடத்திலும் வெளியாள். அதனால் எங்கள் வீட்டில் இந்தத் தேடல் பொழுதுபோக்காகத் தொடங்கியது இல்லை.

1763 ஜூலையில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அழைப்பு விடுத்தார்: நிலம், வரிவிலக்கு, ராணுவ சேவையிலிருந்து விலக்கு. ஏழு ஆண்டுப் போர் முடிந்து நொந்திருந்த ஹெஸ்ஸன் கிராமங்களில் அது பெரிய செய்தி. ஃபோகல்ஸ்பெர்க்குக்குத் தெற்கே பூடிங்கன் நகரத்தில் ஆள் சேர்த்தார்கள். தம்பதிகளையே விரும்பிச் சேர்த்ததால் 1766இல் அந்த ஊர் தேவாலயத்தில் சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான கல்யாணங்கள் நடந்தன. அந்தப் பதிவில் மணமக்களின் சொந்தக் கிராமத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். என் மனைவியின் குடும்பத்துக்குக் கதவு திறந்தது அங்கேதான். பூடிங்கனில் கல்யாணம், லூபெக்கில் கப்பல், ரஷ்யாவில் ஒரானியன்பாவுமில் பதிவு, அப்புறம் சராத்தோவ் பக்கம் வோல்கா கரை. ஒரானியன்பாவுமில் வந்திறங்கியவர்களைக் குல்பெர்க் என்ற அதிகாரி பட்டியல் எடுத்திருக்கிறார். அந்தப் பட்டியலிலும் அதே தம்பதி இருந்தார்கள்.

1941 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஆணைக்குப் பிறகு வோல்கா ஜெர்மானியர்கள் மொத்தமாகக் கிழக்கே, கஜகஸ்தானுக்கும் சைபீரியாவுக்கும், நாடுகடத்தப்பட்டார்கள். பாட்டி அப்போது சிறுமி. எடுத்துப்போனதில் காகிதம் எதுவும் இல்லை.

நாங்கள் பாட்டியை ஃபோகல்ஸ்பெர்க்கில் ஷோட்டன் பக்கத்தில் இருக்கும் அந்தத் தம்பதியின் கிராமத்துக்கு அழைத்துப் போனோம். பேக்கரியில் அவர் ரொட்டி கேட்டார். கடைக்காரப் பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "என் பாட்டி இப்படித்தான் பேசுவார், நீங்கள் எந்தத் தெரு?" என்றார். மூன்று நாடு சுற்றி, 225 வருடத்துக்கு மேல் ஆகியும், பேச்சு அப்படியே இருந்திருக்கிறது. பாட்டி பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டார். எனக்கு அந்தப் பேக்கரிதான் ஆவணக் காப்பகம்.

இப்போது உங்கள் விஷயம். "ஃபான்" என்றால் எப்போதும் பிரபு இல்லை அக்கா. கிராமத்து ஏடுகளில் "இந்த ஊரிலிருந்து" என்றுதான் பெரும்பாலும் பொருள். கிரேபனாவோடு சேர்ந்த கிராமங்களில் ஒன்றின் பெயரே ஷ்வார்ட்ஸ். வரைபடத்தில் உடென்ஹவுசனுக்குப் பக்கத்தில் பாருங்கள். மை படிந்த சொல்தான் அவர் குடும்பப் பெயராக இருக்க வேண்டும்.

ஆல்ஸ்ஃபெல்டிலிருந்து

நான் யாழ்ப்பாணம். இங்கே முதியோர் பராமரிப்பில் பல வருடமாக வேலை. ஒரு முறை அமெரிக்காவிலிருந்து வந்த வயதானவர் ஒருவருக்குத் துணையாகப் போனேன். அவருடைய தாய் ஆங்கென்றோட் கிராமத்தில் பிறந்த யூதப் பெண், 1930களில் தப்பிப் போனவர்.

ஜேர்மனியில் பழைய கல்லறையைப் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஊர்ச் சுடலையில் கல்லறை வாடகைக்குத்தான். இருபது, முப்பது வருடம் கழிந்து குடும்பம் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். பூட்டனுடைய கல்லைத் தேடி வந்து ஏமாந்து நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களை நான் போர் நினைவுத்தூணுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். 1914 முதல் 1918 வரை செத்த பொடியன்களின் பெயர்கள் கிராமத்துக்குக் கிராமம் கல்லில் இருக்கும். அந்தக் குடும்பப் பெயர் அந்த ஊரில் இருந்ததா என்று அங்கே தெரிந்துவிடும்.

யூதச் சுடலை அப்படி இல்லை. அவர்கள் முறைப்படி கல்லறை என்றைக்கும் அந்த மனிதருக்கே உரியது, யாரும் கிளறக் கூடாது. அதனால் ஆங்கென்றோட்டில் பழைய கற்கள் சாய்ந்தும் பாசி படர்ந்தும் அப்படியே நிற்கின்றன. அவர் தாய்வழிப் பாட்டனாரின் கல் கிடைத்தது. எபிரேய எழுத்தைத் தடவித் தடவி வாசித்தார். அதில் தகப்பன் பெயரும் இருக்கும், அதனால் ஒரு கல்லில் இரண்டு தலைமுறை கிடைத்தது. பிறகு கீழே கிடந்த ஒரு சின்னக் கல்லை எடுத்து மேலே வைத்தார். எனக்கும் ஒன்றைத் தந்தார். வைத்தேன். ஊரில் இப்போது அவருடைய ஆட்கள் ஒருவரும் இல்லை.

திரும்பி வரும்போது உங்கள் ஊர் எப்படி என்று கேட்டார். எங்கள் வீட்டு உறுதிப்பத்திரமும் பிறப்புப் பத்திரங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன என்று சொன்னேன். அம்மம்மா சொன்ன பெயர்களை இன்று இரவே எழுதி வை பிள்ளை என்றார். எழுதினேன், ஏழு தலைமுறை இல்லை, நாலுதான் வந்தது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து

சின்னத் தகவல்தான். சிவில் பதிவேடுகளில் பிறப்பு 110 வருடம், திருமணம் 80, இறப்பு 30 வருடம் வரை எல்லாரும் பார்க்க முடியாது. நேரடி வாரிசு கேட்டால் கொடுப்பார்கள். அதனால் மனைவியின் பாட்டி பற்றி நீங்கள் எழுதிக் கேட்காதீர்கள், மனைவியையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு கடிதம் வீணாகிவிட்டது. ஃபோகல்ஸ்பெர்க்கில் ஹெர்ப்ஸ்டைன் போன்ற ஊர்கள் ஃபுல்டா மடாலயத்தின் கீழ் இருந்த கத்தோலிக்க ஊர்கள், அங்கே பதிவேடும் வேறு, காப்பகமும் வேறு. எந்தச் சபை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மீண்டும் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து

காசல் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஷ்வார்ட்ஸ் ஊரின் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தோம். 1806இல் அந்த அம்மா இருக்கிறார், அவருடைய அப்பா கொல்லர். மை படிந்த சொல்லும் இப்போது தெளிவாகப் படிகிறது. அவருடைய ஞானத்தாயின் பெயரைத்தான் என் கணவரின் பெரியம்மா வரைக்கும் வைத்திருக்கிறார்கள், ஏன் வைத்தோம் என்று தெரியாமலேயே.

யாழ்ப்பாணத்து அக்கா, உங்களைப் படித்த பிறகு ஆச்சியிடம் பெயர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு போன் செய்தால் நன்றாகப் பேசுகிறாள்.

வரும் சனிக்கிழமை ஷ்வார்ட்ஸுக்குப் போகிறோம். கொல்லர் வீடு எது என்று கேட்க வேண்டும்.