கொழும்பில் ஒருநாள் கறவைமாட்டுப் பயிலமர்வு: எதை வைப்பது, எதை விடுவது?

பட்டிப்புத்தகம் கேட்டது:

வணக்கம். கொழும்பில் நடக்கவிருக்கும் கால்நடை மாநாடொன்றின் இரண்டாம் நாள், தமிழ் பேசும் பண்ணையாளருக்கான கல்வி அமர்வுகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 60 பேர். கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பிலிருந்து பாதிப் பேர். நுவரெலியா, ஹற்றன் பக்கத்திலிருந்து இன்னொரு பகுதி. மிச்சம் ஹோமாகம, அவிசாவளை. பெரும்பாலானோரிடம் 3 முதல் 15 மாடுகள்.

கிடைத்திருப்பது 75 நிமிடப்படி நான்கு அமர்வுகள். குழு கொடுத்த பட்டியலிலோ பதினொரு தலைப்புகள்: மடிநோய், தீவனம், கன்று வளர்ப்பு, சினைப்படுத்தல், வெப்ப அயர்ச்சி, கால்வாய் நோய் (கோமாரி), உண்ணி, குடற்புழு, பதிவேடு, பால் விலை, கடன் வசதி. இதில் எந்த நான்கு? மண்டபத்தில் கம்பளம், குளிரூட்டி எல்லாம் உண்டு, மாடு மட்டும் இல்லை. கையால் செய்து பார்க்கிற மாதிரி எதை வைக்கலாம்? ஒரு மாட்டை வாகனத்தில் கொண்டுவந்து வெளியே கட்டலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

கறவைநேரம்:

பதினொன்றையும் தொட்டால் ஒன்றும் மனதில் நிற்காது. வந்தவர் அடுத்த நாள் காலைக் கறவையில் செய்து பார்க்கக்கூடியது எதுவோ அதை எடுங்கள், மற்றதைத் துண்டுப்பிரசுரமாகக் கொடுங்கள். என் தெரிவு மடிநோய், தீவனக் கணக்கு, கன்றின் முதல் நாள், வெப்பமும் சினைப்படுத்தலும். கடன் வசதி வங்கிக்காரர் பேசவேண்டிய விடயம், தேநீர் இடைவேளையில் ஒரு மேசை போதும்.

மடிநோய்க்கு 75 நிமிடமும் வேண்டும். வெளியில் தெரியாத மடிநோய்தான் பாலைத் தின்கிறது. மடி வீங்காது, பால் திரியாது, ஆனால் கறவை குறையும். அதைக் கண்டுபிடிக்க சீ.எம்.ரீ. (கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை) போதும், மண்டபத்திலேயே செய்யலாம்.

மேசைக்கு 6 பேர், 10 மேசை, ஒவ்வொன்றிலும் நான்கு குழியுள்ள ஒரு தட்டு. அன்று காலை கறந்த பால் நான்கு போத்தலில் வேண்டும்: ஒன்று சுகமான மாட்டுடையது, மற்ற மூன்றும் வெவ்வேறு அளவில் தொற்று உள்ளவை. ஆளுக்கு ஒரு குழிக்கு 2 மில்லிலீற்றர் என்றால் ஒவ்வொரு மாதிரியிலும் 120 மில்லிலீற்றர் போகும். சிந்துவதையும் சேர்த்து 250 எடுத்து வையுங்கள். சோதனைத் திரவம் ஆளுக்கு 8 மில்லிலீற்றர், மொத்தம் அரை லீற்றருக்குச் சற்றுக் குறைவு; ஒரு லீற்றர் கையில் இருக்கட்டும். பாலை ஐஸ் பெட்டியில் குளிராகக் கொண்டுவாருங்கள், உறையவிடாதீர்கள். உறைந்தால் பாலிலுள்ள கலங்கள் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள், சோதனை பார்ப்பது இவற்றைத்தான்) உடைந்து சோதனை பிழைக்கும். கடைப் பக்கெற் பாலும் சரிவராது. ஆடையோடு கலங்களும் மேலே ஏறியிருக்கும், ஊற்றுமுன் போத்தலைப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

பாலும் திரவமும் சம அளவு. தட்டை வட்டமாக 10 விநாடி சுழற்றி, 20 விநாடிக்குள் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் போல ஓடினால் நல்லது. இழை இழையாகத் தடித்தால் ஐயம். கூழாகி நடுவில் குவிந்தால் கடுமையான தொற்று. பிழை வருவது மூன்று இடத்தில்: பாலை அதிகம் விடுவது, நேரம் தப்பிப் பார்ப்பது, கன்று ஈன்று முதல் சில நாளுக்குள் சோதிப்பது. சீம்பாலில் இயல்பாகவே கலங்கள் அதிகம், சுகமான மாடும் தொற்றுக் காட்டும். பால் வற்றும் தறுவாயிலும் இதே கதை.

தொற்றுக் காட்டினால் அடுத்தது என்ன என்பதையும் சொல்லாமல் அனுப்பாதீர்கள். உடனே ஊசி என்று ஓடுவதுதான் வழமை. அந்த மாட்டைக் கடைசியாகக் கறக்கவேண்டும், ஆய்வுகூடத்துக்கு மாதிரி எடுக்கவேண்டும், மருந்தை மிருக வைத்தியர் முடிவு செய்யவேண்டும். மாதிரி எடுக்கும்போது காம்புகளை 70 சதவீத அல்ககோலால் துடைப்பது தூரத்துக் காம்பிலிருந்து கிட்டத்துக்கு. பால் எடுப்பது கிட்டத்துக் காம்பிலிருந்து தூரத்துக்கு. துடைத்த காம்பில் கை உரசாமல் இருக்கத்தான் இந்த ஒழுங்கு. முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கோப்பையில் விட்டுத் திரிகிறதா என்று பார்த்து, அதன் பிறகு போத்தலைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் மடியிலிருந்து மயிரும் தூசியும் உள்ளே விழும்.

கறந்து முடிந்ததும் காம்பை 0.5 முதல் 1 சதவீத அயடீனில் தோய்க்கவேண்டும். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்கக்கூடாது. புதுப்புல்லைக் கறவைக்கு முன்னர் போடாமல் கறந்த பிறகு போட்டால் தானாகவே நின்று தின்னும்.

புல்லும்தவிடும்:

தீவனத்துக்கு மாடு தேவையில்லை, ஒரு நீலப் பீப்பா போதும். புறக்கோட்டையில 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பா ஒண்டு வாங்குங்கோ. அதின்ரை சுற்றளவு ஏறக்குறைய 180 சென்ரிமீற்றர், நல்ல கலப்பினப் பசுவின்ரை நெஞ்சுச் சுற்றளவுக்குக் கிட்ட வரும். படுக்க வைச்சு, அளவு நாடாவால அளக்கப் பழக்குங்கோ. நீளம் பீப்பாவில கிடையாது. தோள் முனையிலயிருந்து பின் எலும்பு முனை வரை எண்டு சுவரில கோடு கீறிக் காட்டலாம். நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 10,840 ஆல வகுத்தா கிலோவில நிறை. சுற்றளவு 170, நீளம் 140 எண்டால் 373 கிலோ. நாடா முன்னங்காலுக்குச் சரியாப் பின்னால போகவேணும், மாடு தலையைக் குனியாமல் நேராக நிக்கவேணும். நாடாவைத் தளர விட்டா நிறை கூடிக் காட்டும், அதை நம்பி ஊட்டினா காசுதான் வீண்.

நிறை தெரிஞ்ச பிறகுதான் தீனிக் கணக்கு. 400 கிலோ மாட்டுக்கு நாளுக்கு நிறையில 3 சதவீதம் உலர்பொருள் (தண்ணி நீங்கின பிறகு மிஞ்சிறது), அதாவது 12 கிலோ. 10 லீற்றர் பால் தந்தால் செறிவுத் தீவனம் (தவிடு, புண்ணாக்குக் கலவை) 4 கிலோ, அதில உலர்பொருள் 3.5 கிலோவளவில வரும். மிச்சம் 8.5 கிலோ புல்லால வரவேணும். கோ-3 எண்ட தீவனப் புல்லில உலர்பொருள் 20 சதவீதம் எண்டால் வெட்டின பச்சைப் புல் 42 கிலோ. மழையில நனைஞ்சு 15 சதவீதத்துக்கு இறங்கினா 57 கிலோ வேணும். மழைக்காலத்தில வயிறு நிறையத் திண்டும் பால் குறையிறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

அந்தச் சதவீதத்தை மண்டபத்திலேயே காட்டலாம். மைக்ரோவேவும் சமையலறைத் தராசும் கேளுங்கோ. 100 கிராம் புல்லைச் சிறிசாக நறுக்கி, பக்கத்தில ஒரு குவளை தண்ணி வைச்சு, 2 நிமிடம். வெளியில எடுத்து நிறுத்து, பிறகு 30 விநாடி விட்டு விட்டு நிறை மாறாமல் நிக்கும் வரைக்கும். தண்ணிக் குவளை இல்லாட்டிக் கடைசியில புல் கருகிப் புகைக்கும், மண்டபத்தில எச்சரிக்கை மணி அடிச்சிடும்.

செறிவுத் தீவனத்தை ஒரே தரத்தில கொட்டவேண்டாம். ஒரு நேரத்துக்கு 2 கிலோவுக்கு மேல போனா இரைப்பை புளிக்கத் தொடங்கும், சாணம் இளகும், பாலில கொழுப்பு இறங்கும். கொழுப்புப் பார்த்து விலை தாற சேகரிப்பு நிலையத்தில அது உடன தெரியும்.

தொழுவக்காற்று:

மாட்டைக் கொண்டுவரும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பல மாவட்டத்துப் பண்ணையாளர்கள் ஒரே மாட்டைத் தொட்டுவிட்டு அவரவர் பட்டிக்குத் திரும்புவது கால்வாய் நோய்க்கு நாமே வழி திறந்து விடுவது. மாடு இல்லாவிட்டாலும் சப்பாத்து வருகிறது. வாசலில் தொட்டி வைப்பதென்றால் முதலில் தூரிகையும் தண்ணீரும் வையுங்கள். சாணம் ஒட்டிய சப்பாத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. கால்வாய் நோய் வைரசுக்கு 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசல் பலன் தரும்: 10 லீற்றர் தண்ணீருக்கு 400 கிராம். மண்டப வாசலை விட, வீடு திரும்பியதும் பட்டி வாசலில் இதைச் செய்வதுதான் முக்கியம்.

வெப்பத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 30 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் வெப்ப-ஈரப்பதச் சுட்டி 83. கறவை மாட்டில் பால் குறைவது 70ஐ அண்டியே தொடங்கிவிடும். ஹோமாகம, அவிசாவளைக்காரருக்கு இது அன்றாடப் பிரச்சினை, நுவரெலியாவுக்கு அல்ல. குழுக்களைப் பிரிப்பது நல்லது. தாழ்நாட்டு ஈரவலயத்தில் காற்றில்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் தொழுவம் வெந்நீர் அறைதான். தோல் நனையுமளவு பெரிய துளி, உடனே விசிறி, காயவிட்டு மறுபடி. மெல்லிய பனித்துளி மயிரின் மேல் நின்றுவிடும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடு சினைப்படத் தயாராகும் நேரத்தை ஒருவர் வேட்கை என்பார், ஒருவர் சினைப்பருவம் என்பார், ஒருவர் மதகாலம் என்பார். பேச்சாளருக்கு முன்கூட்டியே ஒரு பக்கச் சொற்பட்டியல் கொடுங்கள். “காலையில் வேட்கை கண்டால் மாலையில் சினைப்படுத்து, மாலையில் கண்டால் மறுநாள் காலையில்” என்பது எல்லா ஊருக்கும் விளங்கும்.

பட்டிப்புத்தகம்:

மூவருக்கும் மிக்க நன்றி. மாடு வேண்டாம் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். சோதனைத் திரவம் கிடைக்காத ஊர்க்காரர் என்ன செய்வது? கன்று அமர்வுக்கு எதைக் கையில் கொடுப்பது?

கறவைநேரம்:

துணி தோய்க்கும் சலவைத்தூள் 3 கிராமை 100 மில்லிலீற்றர் சுத்தமான தண்ணீரில் கரைத்தால் அதே கூழ் வரும். நிறம் மாறாது, தடிப்பை மட்டும் பார்க்கவேண்டும், மெல்லிய தொற்று தப்பலாம். முதல் நாளே உங்கள் நான்கு மாதிரியிலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கன்றுக்குச் சீம்பால்தான். உறையவைத்த சீம்பாலை 50 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் இளக்கி, பிரிக்ஸ் மானியில் (திரவத்தின் செறிவை அளக்கும் கருவி) ஒரு துளி வைக்கச் சொல்லுங்கள். 22க்கு மேல் என்றால் தரமானது. (உறைந்த பால் மடிநோய்ச் சோதனைக்கு உதவாது, இதற்கு உதவும். யாராவது கட்டாயம் கேட்பார்கள்.) 25 கிலோ கன்றுக்கு 2.5 லீற்றர், பிறந்து சில மணி நேரத்துக்குள். 24 மணி நேரம் கடந்தால் சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் புரதத்தைக் குடல் உள்வாங்காது.

இன்னொன்று, அமர்வுகளைக் காலையில் நேரத்தோடு தொடங்கி நேரத்தோடு முடிக்கப் பாருங்கள். அவிசாவளைக்காரர் மாலைக் கறவைக்கு வீடு போகவேண்டும், மதியத்துக்குப் பிறகு அவருக்கு மனம் மாட்டிடம் போய்விடும்.