பெய்லி பாலம் மாதிரி: எழுபது அடி தாண்டியதும் கவிழுது, ஏன்?

வைகைக்கரை:
டிசம்பர் 7 கொடிநாளுக்கு மதுரையில ஒரு பள்ளிக்காக 80 அடி பெய்லி பாலத்துக்கு (இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டுற ராணுவப் பாலம்) மாதிரி செய்யிறோம். இரண்டாம் உலகப்போர்ல கிரேன் இல்லாம, அக்கரையில ஆள் இல்லாம இதைத் தள்ளி நிறுத்துனதைக் காட்டணும். முன்னால மூக்கு (அக்கரையை எட்ட முதல்ல நீட்டுற தற்காலிகப் பகுதி) 6 கட்டம், பின்னால பாலம் 8 கட்டம், கட்டத்துக்கு 10 அடி. எழுபது அடி போனதும் குப்புற விழுது.

திருமங்கலத்தான்:
14 கட்டத்தையும் ஒரே எடையில செஞ்சிருக்கீங்க. அப்போ நடுப்புள்ளி ஏழாவது கட்டத்தோட முடிவு, அதாவது நுனியில இருந்து 70 அடி. அது இக்கரை ஓரத்துல பாலம் உருளுற முன் உருளையைத் தாண்டுனா விழத்தான் செய்யும். நிஜ மூக்கு வெறும் எலும்புக்கூடு: பேனலும் (பக்கவாட்டு இரும்புச் சட்டம்) குறுக்கு உத்திரமும்தான், பலகை கிடையாது. நுனி அக்கரையைத் தொடும்போது வெளியே நிக்கிறது மூக்கு 60 அடி, பாலம் 20 அடி. கணக்குப் போட்டா மூக்குக் கட்டத்தோட எடை பாலக் கட்டத்துல பாதியைச் சுத்தியே இருக்கணும். பாதின்னாலும் விளிம்புதான். 0.4 வச்சுக்கங்க, இல்லேன்னா வால்ல கல்லு கட்டுங்க.

சாப்பர் தம்பி:
இன்னொண்ணு, மூக்கு தன் பாரத்துலயே தொங்கும். கரையில முட்டாம இருக்க, பேனலோட கீழ்த்தண்டு இணைப்புல ஒரு தனித்துண்டு சொருகி நுனியை மேல தூக்குவாங்க. பேனல் ஒண்ணு சுமார் 260 கிலோ, ஆறு பேர் சுமக்கணும். இரண்டு பக்க உருளையும் ஒரே மட்டத்துல இல்லேன்னா பேனல் சாஞ்சுக்கும், பேனல்களைக் கோக்குற ஊசி ஏறாது. ஊசித்தலையில ஒரு வெட்டு இருக்கும். பூட்டு ஊசி போற துளை எந்தப் பக்கம்னு இருட்டுல தடவியே தெரிஞ்சுக்கலாம். கரை சரிவா இருந்தா பின்னால கயிறு பிடிக்கணும், தேருக்கு முட்டுக்கட்டை போடுற மாதிரி.

வைகைக்கரை:
நன்றிண்ணே. பக்கத்துல எழுதி வைக்க ரெண்டு வரி?

சாப்பர் தம்பி:
1944 மே மாசம் இத்தாலியில காரி ஆத்துல, எதிரி சுட்டுக்கிட்டிருக்கும்போதே 8வது இந்தியப் பிரிவு பொறியாளர்கள் பாலம் போட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல பர்மா கலேவாவுல சிந்த்வின் (Chindwin) ஆத்து மேல 1,154 அடி மிதவைப் பெய்லி.

திருமங்கலத்தான்:
கண்ணிவெடியை மறந்துறாதீங்க. பாலம் வர்றதுக்கு முன்னாடியே கரையைத் துழாவணும். மரப்பெட்டிக் கண்ணி டிடெக்டர்ல சிக்காது. துப்பாக்கிக் கத்தியைச் சாய்வா சொருகித்தான் தேடணும், நேரா குத்தினா மேல்மூடி அமுங்கி வெடிக்கும். இத்தாலி மிக்னானோவுல 1944ல மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) சுபேதார் சுப்பிரமணியன் வெடி மேலயே விழுந்து மத்தவங்களைக் காப்பாத்தினாரு, அதுக்கு ஜார்ஜ் கிராஸ்ங்கிற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தாங்க. அவர் பேரைப் பலகையில போடுங்க.