வட்டத் திரையில் வெட்டுப்பட்ட அத்தை

கைக்கடிகாரம் என்றால் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்புகிற ஆள் நான். சென்ற மாதம் மலிவு விலையில் வட்டத் திரை ஸ்மார்ட்வாட்ச் ஒன்று வாங்கினேன். முதல் அழைப்பே ‘ருநெல்வேலி அத்’ என்று வந்தது. திருநெல்வேலி அத்தை! பெயர் திரையின் உச்சியில், வட்டம் குறுகும் இடத்தில் போய் உட்கார்கிறது. இரண்டு முனையையும் விளிம்பு தின்றுவிடுகிறது. செவ்வகமல்லாத திரைகளிடம் வேறு யாராவது மாட்டியிருக்கிறீர்களா?

செயலி எழுதுபவர்:
சதுரத் திரைக்கு எழுதிய மென்பொருளை அப்படியே ஏற்றியிருப்பார்கள். வட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரம், வட்டத்தின் பரப்பில் சுமார் 64 விழுக்காடுதான். மிச்சத்தை என்ன செய்வது என்று நானும் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் விளிம்போரமாக நடைக்கணக்கு வளையம் ஒன்றை ஓடவிட்டேன். 2014-இல் வந்த மோட்டோ 360 ஸ்மார்ட்வாட்ச் நினைவிருக்கிறதா? வட்டத்தின் அடியில் ஒரு கறுப்புத் துண்டு. காற்றுப்போன டயர் என்று கேலி செய்தார்கள். திரையை இயக்கும் மின்சுற்றுக்கும் ஒளி உணரிக்கும் அங்கேதான் இடம். அதே ஆண்டு ஷார்ப் நிறுவனம், வழக்கமாக விளிம்பில் வைக்கும் சுற்றைப் பிக்சல்களுக்குள்ளேயே பரப்பிக் காட்டியது. விளிம்பில் சுற்று இல்லை என்றதும் திரையை வேண்டிய வடிவத்தில் வெட்ட முடிந்தது.

பந்தல் எல்இடி:
நாங்கள் வெட்டுவதில்லை, அடுக்குகிறோம். கல்யாண மேடைக்கு நான் எடுத்துப்போகும் எல்இடி திரைப் பெட்டி ஒவ்வொன்றும் 500 மில்லிமீட்டர் சதுரம், பக்கத்துக்கு 128 பிக்சல். அதில் வட்டம் கட்டச் சொன்னார் பெண்ணின் தந்தை. கட்டினால் விளிம்பு படிக்கட்டாக நிற்கிறது. தெர்மாகோல் வளையம் வெட்டி மறைத்து, மேலே செவ்வந்திச் சரம் சுற்றினோம். அழகாகத்தான் இருந்தது, குடும்பப் படம் ஓடும் வரை. ஓரத்தில் நின்ற மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பூ மறைத்துவிட்டது. பந்தி முடிகிற வரை அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லாஸ் வேகஸ் போய்வந்தவர்:
வேலையாகப் போன இடத்தில் ஸ்பியர் என்ற நிகழ்ச்சி அரங்கைப் பார்த்தேன். 366 அடி உயர உருண்டை. வெளிப்புறம் முழுக்கச் சுமார் 12 லட்சம் எல்இடி வில்லைகள். இரவில் விடுதி ஜன்னலைத் திறந்தால் பெரிய கண் ஒன்று உருண்டு என்னையே பார்த்தது. நிலா, கூடைப்பந்து எல்லாம் அசலாகவே தெரிகின்றன. தட்டையான விளம்பரம் வந்தால் மட்டும் பலூனில் ஒட்டிய நோட்டீஸ்தான். மறுநாள் அடிவாரம் வரை நடந்தேன். படத்தையே காணோம். ஏறத்தாழ எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கறுப்பு வில்லைகள், இடையிடையே வெறும் வெளி.

கேள்வி கேட்டவர்:
எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். ‘தை’ உள்ளே வந்துவிட்டது. ‘தி’ மட்டும் இன்னும் விளிம்புக்கு வெளியே நிற்கிறது.