மறு: கல்லீரல் புற்றுக்கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்பணுக்களுக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லீரல் புற்றுக்கட்டிக்குள் போய்ச் சேரும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு, குறிப்பாக நிணநீர் அணுக்கள் (lymphocytes) என்ற வெள்ளையணு வகைக்கு, தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டது. ('அணு' என்று இங்கே எழுதுவது செல்லைத்தான்.) முழு மடல்களையும் கீழே தொங்கவிடாமல், பதில் தேவைப்படும் வரிகளை மட்டும் வெட்டி எடுத்து, அடியில் என் கருத்தை எழுதுகிறேன்.

> 'கட்டி ஊடுருவும் நிணநீர் அணுக்கள்' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது தம்பி, ஆனால் இரண்டு விதமாகப் புரிகிறது. அணுக்கள் கட்டியை ஊடுருவுகின்றனவா, கட்டி அணுக்களை ஊடுருவுகிறதா? இலக்கண உரைகளில் வருகிற 'புலி கொல் யானை' கதைதான். செத்தது புலியா யானையா என்று தொடரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நோய்க்குறியியல் (திசுப் பரிசோதனை) அறிக்கைகளைத் தமிழில் விளக்கும்போது, புற்று தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போவதையும் 'ஊடுருவல்' என்றுதான் எழுதி வருகிறோம். கல்லீரல் புற்றில் இது சாதாரண விஷயமில்லை. கட்டியை அறுத்தெடுத்தபின் அறிக்கையில் முதலில் தேடுகிற வரிகளில் ஒன்று, நுண்ணிய இரத்தக்குழாய்களுக்குள் புற்றணுக்கள் போயிருக்கின்றனவா என்பது. போயிருந்தால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. இப்போது ஒரே தாளில் மேலே 'நுண்குழாய் ஊடுருவல் உள்ளது', நாலு வரி தள்ளி 'நிணநீர் அணு ஊடுருவல் உள்ளது' என்று இருந்தால் வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலாவது கெட்ட செய்தி. இரண்டாவது பெரும்பாலும் நல்ல செய்தி. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்துவிட்டு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஆகவே என் முன்மொழிவு: 'ஊடுருவல்' புற்றுக்கே இருக்கட்டும். எதிர்ப்பணுக்களுக்குப் 'புகுதல்' என்று வைப்போம். கட்டிபுகு அணுக்கள். 'இதிலும் அதே இருபொருள் வருமே' என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கட்டி ஊடுருவுகிறது என்பது அன்றாடப் பேச்சு, கட்டி புகுகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே குழப்பம் எழாது.

> 'புற்றுபுகு' என்றால் இன்னும் துல்லியமாக இருக்குமே? எல்லாக் கட்டியும் புற்று இல்லையல்லவா.

துல்லியம்தான். ஆனால் படித்தவுடன் எனக்குப் பாம்புதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு வரவில்லையா? 'கட்டி' இருக்கட்டும். ஒற்று மிகாமல் 'கட்டிபுகு' என்றே எழுதுவோம். 'கட்டிப் புகு' என்றால் எதையோ கட்டிக்கொண்டு உள்ளே போவதுபோல் ஆகிவிடும்.

> சங்கப் பாடல்களில் 'நிணம்' என்றால் கொழுப்பு. 'நிணவணு' என்று சுருக்கினால் கொழுப்பணு என்றல்லவா பொருள்படும்?

ஐயா சொல்வது மிகச் சரி. வேறு உறுப்பாக இருந்தால் நானும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். கல்லீரலில் விட முடியாது. கொழுப்புக் கல்லீரல் நோயிலிருந்து வரும் புற்று கூடிக்கொண்டிருக்கும் காலம் இது. நுண்ணோக்கியில் புற்றணுக்களுக்கு உள்ளேயே கொழுப்புத் துளிகள் வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும் வகைகூட உண்டு. அந்தச் சூழலில் 'நிணவணு' வம்பு. 'நிணநீர்' பள்ளிப் பாடத்திலேயே வேரூன்றிவிட்ட சொல் என்பதால் 'நிணநீரணு' என்று முழுதாகவே எழுதலாம். கொழும்பிலிருந்து எழுதும் அக்கா 'நிணநீர்க்குழியம்' என்கிறார். இலங்கைப் பாடநூல் வழக்கு அது, நன்றாகவும் இருக்கிறது. அங்கே 'கட்டிபுகு நிணநீர்க்குழியம்' என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. முன்பாதி ஒன்றாக இருந்தால் போதும்.

> இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஒரு ஆய்வுச் சொல்தானே.

ஆய்வுக்கூடத்தை விட்டு அது எப்போதோ வெளியே வந்துவிட்டது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லைத் தேர்ந்தெடுக்க இந்த விவரம் வேண்டும்.

ஹெமட்டாக்சிலின்-இயோசின் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தால், கல்லீரல் புற்றணுக்கள் பெரிதாக, இளஞ்சிவப்பாக, பட்டை பட்டையாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே கடுகுபோல் சின்னதாக, கருநீல உருண்டைகள். ஏறக்குறைய முழுவதும் உட்கருதான், சுற்றி மெல்லிய வளையம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அவைதான் நிணநீரணுக்கள். சில கட்டிகளில் தேடித்தான் பார்க்க வேண்டும். சிலவற்றில் புற்றணுவைவிட இவைதான் அதிகமோ என்று தோன்றும். ஜப்பானில் குருமே பல்கலைக்கழகத்தினர் இப்படி நிணநீரணு மண்டிய சிறு கட்டிகளைத் தனியே பிரித்துப் பார்த்து, அறுவைக்குப் பின் அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்று 1998இல் எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் இது கல்லீரல் புற்றின் தனி உள்வகையாகவே இடம்பெற்றுவிட்டது.

ஆனால் 'அணு நிறைய இருந்தால் நல்லது' என்று முடித்துவிட முடியாது. ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவர்கள் கட்டியை அறுத்தெடுத்த 302 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். அவர்கள் எண்ணியது இரண்டு வகை அணுக்களை. இரண்டும் டி அணு என்ற நிணநீரணு வகையைச் சேர்ந்தவை, தாங்கியிருக்கும் குறிப்புரதத்தை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒன்று சிடி8 குறி தாங்கிய, புற்றணுவைக் கொல்லும் டி அணுக்கள். அதிலும் கிரான்சைம் பி என்ற கொல்லும் நொதியோடு செயல்படும் நிலையில் இருப்பவை. மற்றொன்று ஃபாக்ஸ்பி3 குறி தாங்கிய டி அணுக்கள். இவை எதிர்ப்பை அடக்கி வைப்பவை. கொல்பவை அதிகமாகவும் அடக்குபவை குறைவாகவும் இருந்தவர்களில் 5 ஆண்டுக்குப் பின் சுமார் 64 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். தலைகீழாக இருந்தவர்களில் சுமார் 24 விழுக்காட்டினர்தான். எண்ணிக்கை மட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே உள்ள சமநிலைதான் சேதி.

இங்கேதான் அடுத்த பெயர்ச் சிக்கல்.

> ஃபாக்ஸ்பி3 வகைக்கு 'கட்டுப்படுத்தும் டி அணு' என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. 2025 நோபல் பரிசுச் செய்தியிலேயே அப்படித்தான் எழுதினார்கள்.

வந்துவிட்டது, தெரியும். சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் பரிசு கிடைத்தபோது செய்தித்தாள்களில் பேசப்பட்டது உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் இருப்பது பற்றி. அங்கே 'கட்டுப்படுத்தும்' பொருந்துகிறது. புற்று பற்றிய கட்டுரையில் 'கட்டிக்குள் கட்டுப்படுத்தும் அணுக்கள் நிறைய இருந்தன' என்று படிப்பவர் எதைக் கட்டுப்படுத்துவதாக நினைப்பார்? புற்றைத்தான். நேர் எதிரான பொருள். 'ஒழுங்குபடுத்தும்' என்றாலும் அதே கதி. 'தணிப்பு டி அணு' என்று வைத்தால் எதையோ தணிக்கிறது, அது எதிர்ப்பாகத்தான் இருக்கும் என்று ஓரளவு பிடிபடும். சிடி8 வகைக்குக் 'கொல்லி டி அணு'. ஏற்கெனவே 'இயற்கைக் கொல்லி அணு' வழக்கில் இருப்பதால் இது ஒட்டிக்கொள்ளும்.

> பெருவிழுங்கணுவும் நியூட்ரோஃபிலும் நிணநீரணு இல்லையே. அவற்றையும் சேர்த்துச் சொல்ல என்ன?

நல்ல கேள்வி. பெருவிழுங்கணு கிருமிகளையும் செத்த அணுக்களையும் விழுங்குவது, நியூட்ரோஃபில் வேறொரு வெள்ளையணு வகை. 'கட்டிபுகு எதிர்ப்பணு' என்பது மொத்தக் குடும்பத்துக்கு, 'கட்டிபுகு நிணநீரணு' அதில் ஒரு கிளைக்கு. கல்லீரலில் இந்த வேறுபாடு முக்கியம். கூஃபர் அணுக்கள் என்று பெயர் பெற்ற விழுங்கணுக்கள் இந்த உறுப்பிலேயே குடியிருக்கின்றன. அவை எங்கிருந்தோ புகுந்தவை அல்ல. அப்புறம், கட்டிக்குள் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருப்பது பெரும்பாலும் கெட்ட அறிகுறியாகவே பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகிவிடும்.

> உள்ளே போகாமல் விளிம்பிலேயே நிற்கும் அணுக்களையும் எண்ணுகிறார்களே. அவை 'புகு' ஆகுமா?

ஆகாது. இந்த மறுப்புதான் இழையிலேயே வலுவானது என்று நினைக்கிறேன். பெருங்குடல் புற்றில் ஃபிரான்சின் கலோன் குழுவினர் 2006இல் காட்டியது இதைத்தான்: எந்த வகை அணு, எவ்வளவு அடர்த்தி, எந்த இடம் என்ற மூன்றும் சேர்ந்துதான் நோயின் போக்கைச் சொல்கின்றன. அதிலிருந்து வளர்ந்த மதிப்பீட்டில் கட்டியின் மையத்தையும் புற்றின் முன்னேறும் விளிம்பையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். கல்லீரல் கட்டிகளிலும் அதைப் பின்பற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே சென்றவை கட்டிபுகு, சுற்றி நிற்பவை விளிம்புநிற்பு. ஒன்றும் இல்லாத கட்டியைப் 'பாலைக் கட்டி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆங்கிலத்திலும் அதே உருவகம்தான், இங்கே ஐந்திணை தெரிந்தவருக்கு உடனே பிடிபடும், ஆனால் 'பால் கட்டி'யோடு மயங்காதா? தாய்ப்பால் கட்டிக்கொள்வது வேறு சங்கதி. 'வெற்றுக்கட்டி' என்று போதுமே.

இன்னொன்று: எதிர்ப்பணு நிறைந்த கட்டியை ஆங்கிலத்தில் 'சூடான கட்டி' என்பார்கள். அதை அப்படியே பெயர்த்துச் 'சூட்டுக்கட்டி' என்று போட்டுவிடாதீர்கள். கோடையில் பிள்ளைகள் முகத்தில் வருவது அது.

> 'முன்கணிப்பு' என்பதை ஏன் மறுக்கிறீர்கள்? அகராதியில் இருக்கிறதே.

மறுக்கவில்லை, அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறேன். ஷாங்காய் ஆய்வு சொன்னது, அறுவை முடிந்தபின் நோய் எப்படிப் போகும் என்பது. இது நோய்ப்போக்கு. குறிப்பிட்ட மருந்து இவருக்குப் பலன் தருமா என்று முன்கூட்டிக் காட்டும் குறி வேறு. எதிர்ப்பணுக்களின் தடையை நீக்கும் அட்டிசோலிசுமாப், கட்டிக்கு இரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற ஊசி மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2020இல் வந்தது. முற்றிய கல்லீரல் புற்றில் 501 பேரிடம் செய்தது. பழைய மாத்திரையான சொராஃபெனிபைவிட அதிகம் பேர் ஓராண்டைக் கடந்தார்கள், ஊசிகளில் 67 விழுக்காடு, மாத்திரையில் 55. அதன் பிறகுதான் 'என் கட்டியில் எந்த அணு இருக்கிறது, எனக்கு அந்த ஊசி கேட்குமா?' என்ற கேள்வி நோயாளிகளிடமிருந்தே வரத் தொடங்கியது. இதற்கு மருந்துப்பலன் குறி என்று பெயர் வைப்போம். இரண்டையும் 'முன்கணிப்பு' என்றால், போக்கு நன்றாக இருக்கும் என்று சொன்னதை மருந்து கேட்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டும் ஒன்றாகவே போகும் என்ற உத்தரவாதமும் இல்லை. கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள எலிகளில் பிடி-1 (எதிர்ப்பணுவைக் கட்டிப்போடும் தடைப்புரதம்) தாங்கிய சிடி8 அணுக்கள் ஏராளமாக இருந்தும், அந்த அணுக்களை அவிழ்த்துவிடும் மருந்து கட்டியைச் சுருக்கவில்லை, கட்டிகள் கூடவே செய்தன என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. அணு உள்ளே இருக்கிறது, ஆனால் வேலை கெட்டுப்போயிருக்கிறது.

ஒரு சொல்லை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. நிணநீரணுக்கள் சிதறி இல்லாமல் ஒன்றுகூடி, நடுவில் பி அணு (நிணநீரணுவில் இன்னொரு வகை), சுற்றி டி அணு என்று சின்னஞ்சிறு நிணநீர்க்கணு மாதிரியே கட்டிக்குள் அமைப்பு ஒன்றைக் கட்டிவிடுவதுண்டு. 2019இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், கட்டிக்குள் இவை இருந்தால் அறுவைக்குப் பின் நோய் சீக்கிரம் திரும்புவது குறைகிறது என்றார்கள். 2015இல் இஸ்ரேல், ஜெர்மனி ஆய்வாளர்களோ கட்டிக்கு வெளியே, மீதிக் கல்லீரலில் இவை இருந்தால் அங்கேயே புதிய புற்றணுக்கள் ஒளிந்து வளர இடம் கிடைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். இதற்கு 'நிணநீர்த்திரள்' என்கிறார் ஒருவர், 'நிணநீர்க்கூடு' என்கிறார் இன்னொருவர். திரள் என்றால் சும்மா கூட்டம், உள்ளமைப்பு தெரியாது. கூடு என்றால் அமைப்பும் தெரிகிறது, எதுவும் தங்கலாம் என்பதும் தெரிகிறது. நான் கூட்டின் பக்கம். ஆனால் எலும்புக்கூடு, தேன்கூடு என்று அச்சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்று மறுப்பு வந்திருக்கிறது. மருத்துவர்கள் யாராவது தங்கள் அறிக்கையில் எதை எழுதிப் பார்த்தீர்கள் என்று சொன்னால் நல்லது. மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.