வெண்டை வேரில் நூற்புழு: பூஞ்சை போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டை ஒட்டி வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறோம். வெயில் ஏறினால் செடி துவண்டுவிடுகிறது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க மணி மணியாக முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே குண்டூசித் தலையைவிடச் சின்ன வெள்ளை உருண்டைகள். வேர்முடிச்சு நூற்புழுதான், சந்தேகமில்லை.

கடையில் குருணை மருந்து போடச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே கிணறு, பிள்ளைகள் விளையாடும் இடம். எனக்கு மனம் வரவில்லை.

நூற்புழுவைப் பிடித்துத் தின்னும் பூஞ்சைகள் உண்டு. ஆர்த்ரோபாட்ரிஸ் ஒலிகோஸ்போரா மண்ணுக்குள் பசை வலை விரிக்கும். மாட்டிய புழுவின் உடலைத் துளைத்து உள்ளே வளர்ந்து செரித்துவிடும். பர்ப்யூரியோசிலியம் லிலாசினம் முட்டைகளையே தாக்கும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது, அதனால் இரண்டாவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

பேராக் பக்கம் இந்தப் பூஞ்சை எங்கே கிடைக்கும்? மக்கிய ஆட்டெருவில் கலந்து நடவுக் குழியில் போட்டால் போதுமா, பிறகும் வேரில் ஊற்ற வேண்டுமா? வாடல் நோய்க்கு ஊற்றும் பூஞ்சைக்கொல்லி இதையும் கொன்றுவிடுமே, எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? அப்புறம், நூற்புழுவுக்காகச் செண்டுமல்லியை ஊடுபயிராக நட்டவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த நாற்று தயாராகிக்கொண்டிருக்கிறது, அதே மண்ணில்தான் நட வேண்டும்.