சால்மன் குறையுதா, கூடுதா? எந்தக் கணக்கை எடுக்கிறது?

காட்பாடி_விலங்கியல்:
வேலூர்ல எம்.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம். செமினாருக்கு சால்மன் எடுத்திருக்கேன் (கடல்ல வளர்ந்து, முட்டையிட ஆறு ஏறுற மீன்; சாக்கை, சினூக், பிங்க், கோஹோ, சம் எல்லாம் அதோட இனங்கள்). 2022-ல் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு சாக்கை சால்மன் சுமார் 7.9 கோடி வந்திருக்கு. அதே அலாஸ்காவில் யூக்கான் ஆத்துல சினூக் பிடிக்க 2024-லிருந்து ஏழு வருஷத் தடை. ரெண்டையும் ஒரே கிராஃப்ல எப்படிப் போடறது?

பாலாற்றோரம்:
போடாதீங்க. இனம், ஆறு, சீசன் மூணையும் பிரிச்சு தனித்தனி கோடா வரைங்க. அட்டவணையில பிடிபட்டது ஒரு நெடுவரிசை, முட்டையிட ஆறு ஏறினது இன்னொரு நெடுவரிசை. பிடிப்பை மட்டும் எடுத்தா, தடை வந்த வருஷம் மீனே இல்லாத மாதிரி காட்டும்.

பிங்க் சால்மனுக்கு ஆயுள் ரெண்டே வருஷம்; ஒற்றைப்படை வருஷக் கூட்டம் வேற, இரட்டைப்படை வேற. கனடாவில் ஆடம்ஸ் ஆத்து சாக்கை நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பெருகும்: 2010, 2014, 2018, 2022. அதனால 2022-ஐ 2018-ஓட வைங்க. 2023-ஓட வெச்சா இல்லாத வீழ்ச்சி தெரியும்.

அட்லாண்டிக் சால்மனை இதோட கலக்கவே வேண்டாம். அது 2006-லிருந்து 2020-க்குள் 23 சதவீதம் குறைஞ்சதா 2023-ல் ஐயூசிஎன் (அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியல் போடற உலக அமைப்பு) சொல்லியாச்சு.

கோடிபோன_ஏரி:
பொரிப்பக மீனும், அதாவது மனுஷங்க குஞ்சு பொரிச்சு ஆத்துல விட்டதும், கணக்குல கலந்திருக்கும், பாருங்க. வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்கள் பக்கம், அடையாளத்துக்காக அதுக்குப் பெரும்பாலும் வாலுக்கு முன்னால முதுகுல இருக்கிற குட்டிக் கொழுப்புத் துடுப்பை வெட்டித்தான் விடுவாங்க. துடுப்பு இருந்தா இயற்கை மீன்னு முடிவு கட்டிடாதீங்க, வெட்டாம விட்டதும் உண்டு. அலாஸ்கா பிங்க்ல உள்காதுல இருக்கிற காதுக்கல்லை எடுத்து, பொரிப்பகத்துல போட்ட அடையாளம் இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பார்த்தாத்தான் தெரியும்.

காரணமும் ஆத்துக்கு ஆறு மாறும். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆத்துல தண்ணி 13 டிகிரியைத் தாண்டினா சரளைக்கல் அடியில் இருக்கிற முட்டை சாக ஆரம்பிக்கும்; சூடு ஏற ஏற கருவுக்கு ஆக்சிஜன் அதிகம் வேணும், தண்ணியில கரைஞ்சிருக்கிறதோ குறையும். 2014, 2015 வறட்சியில் அந்த ஆத்து ஷாஸ்தா அணையின் அடிக்குளிர்நீர் தீர்ந்து, குளிர்கால சினூக்ல (குளிர்காலத்துல ஆறு ஏறுற கூட்டம்) சுமார் 95 சதவீதம் முட்டையும் குஞ்சுமாவே போச்சு. சியாட்டில் பக்கம் கோஹோவுக்கு டயர்தான் எமன்: ரப்பர்ல சேர்க்கிற 6பிபிடிங்கிற ரசாயனம் ஓசோன் பட்டு மாறி, மழைநீரோட ஓடைக்கு வந்தா சில மணி நேரத்துல சாவு. 2020-ல்தான் கண்டுபிடிச்சாங்க. அதே தண்ணியில சம் சால்மனுக்கு ஒண்ணும் ஆகாது!

காட்பாடி_விலங்கியல்:
நம்ம பக்கம் ஏரி கோடி போனா கெண்டை எதிர்த்து ஏறுமே, அந்த மாதிரி ஏறுற சால்மனைத் தடுக்கிற அணைதான் முழுக் காரணம்னு நினைச்சேன் சார். கலிபோர்னியா, ஓரிகன்ல ஓடற கிளமத் ஆத்தை உதாரணமா வைக்கலாமா?

பாலாற்றோரம்:
வைக்கலாம். நாலு அணையை 2024-ல் எடுத்து முடிச்சாங்க, அக்டோபர்லயே சினூக் ஓரிகனுக்குள்ள ஏறிடுச்சு. ஆனா ஸ்லைடுல "ஏறியது"ன்னு மட்டும் போடுங்க, "பெருகியது" வேண்டாம். அந்த முட்டையில் வந்த குஞ்சு கடலுக்குப் போய்த் திரும்ப மூணு நாலு வருஷம் ஆகும்.