ட்யூப் ஆம்ப் சூடானதும் கரகர, டப் டப் சத்தம் – உதவி தேவை

ஆறுதந்தி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய 40 வாட் ட்யூப் காம்போ, அதாவது ஸ்பீக்கரும் சேர்ந்தே இருக்கும் கிட்டார் ஆம்ப். முன்னால் மூன்று சின்ன ட்யூப் (12ஏஎக்ஸ்7), பவருக்கு இரண்டு பெரிய ட்யூப் (6எல்6). ஆன் செய்ததும் நன்றாகத்தான் இருக்கிறது. கால் மணி நேரம் போனால் சோளம் பொரிவது மாதிரி ஆரம்பித்து, நடுநடுவே டப் டப் என்று அறைகிறது. ஸ்பீக்கர் கோன் துள்ளுவது கண்ணுக்கே தெரிகிறது. வால்யூமை முழுசாகக் குறைத்தாலும் அதே கதை. கடையில் காட்டினால், திறந்துகூடப் பார்க்காமல் ஐந்து ட்யூபையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

பெடல்பைத்தியம்:
பெடல் அடாப்டர் மட்டமானதா இருக்கும் ப்ரோ. கேபிளையும் மாத்திப் பாருங்க.

ஆறுதந்தி:
இல்லை ப்ரோ, இன்புட்டில் எதையும் செருகாமலே வருகிறது.

பழையவால்வ்:
அப்படியென்றால் கிட்டார், கேபிள், பெடல் எல்லாவற்றையும் விட்டுவிடு தம்பி. வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் வந்தால் கோளாறு வால்யூமுக்கு அடுத்து வரும் சர்க்யூட்டில்தான். முதல் வால்வ் (ட்யூபைத்தான் சொல்கிறேன்) பெரும்பாலும் தப்பித்தது.

பவரை அணைத்து, ஆறவிட்டு, இன்புட் பக்கத்திலிருந்து சின்ன வால்வை ஒவ்வொன்றாகக் கழற்று. கழற்றியதைத் திரும்பப் போடாமலே மறுபடி ஆன் செய்து கேள். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, அந்த ஸ்டேஜில்தான் பிரச்சினை. மூன்றையும் கழற்றியும் நிற்கவில்லை என்றால் 6எல்6 அல்லது பவர் சப்ளை. ஸ்பீக்கர் ஒயரை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதே, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இன்னொன்று: சில ஆம்ப்களில் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக சீரிஸில் இருக்கும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். அதில் இந்த வழி செல்லாது.

ஆறுதந்தி:
அண்ணா, முதல் ட்யூபைக் கழற்றினேன், சத்தம் அப்படியே. இரண்டாவதைக் கழற்றினதும் சுத்தமாக நின்றுவிட்டது! அந்த ஒரு ட்யூபை மட்டும் வாங்கிவிடட்டுமா?

பழையவால்வ்:
அவசரப்படாதே. முதல் சாக்கெட்டில் இருந்ததை இரண்டாவதில் போட்டுப் பார், இரண்டும் ஒரே வகைதானே. போடும்போது லேசாக அசைத்தும் பார். அசைவுக்குக் கரகரத்தால் சாக்கெட் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் போதும்.

ஆறுதந்தி:
மாற்றிப் போட்டேன். சூடானதும் அதே டப் டப். அசைத்தால் வித்தியாசம் இல்லை.

பழையவால்வ்:
நினைத்தேன். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வால்வைக் கழற்றினால் அதன் பிளேட் முனைக்குக் கரண்ட் கொடுக்கும் ரெசிஸ்டரிலும் கரண்ட் ஓடாது. ரெசிஸ்டர் கெட்டிருந்தாலும் சத்தம் நின்றுவிடும், பழி வால்வ் மேல் விழும். இரண்டாவது சாக்கெட்டின் 1, 6 பின்களிலிருந்து ஆளுக்கொரு 100 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் போகும். பழைய ஆம்ப் என்றால் கார்பன் ரகமாக இருக்கும். மீட்டரில் சரியாக 100 கே காட்டினாலும் நம்பாதே. மீட்டர் கொடுக்கும் ஒன்றிரண்டு வோல்ட்டில் அது சாதுவாக இருக்கும், நூறு வோல்ட் ஏறினால்தான் சுயரூபம் தெரியும்.

இரண்டையும் 1 வாட் மெட்டல் ஃபிலிம் ரகமாக மாற்று. சாதாரணமாக அதில் கால் வாட்கூட ஓடாது. ஆனால் வால்வ் ஷார்ட் ஆனால் 300 வோல்ட்டும் அதன் மேல் விழும், கணக்குப் போட்டால் 0.9 வாட் வருகிறது. சில்லறைக் காசுதான்.

கை வைக்கும் முன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும், பவர் சப்ளையில் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், ஆளைக் கொல்லும். 22 கே, 5 வாட் ரெசிஸ்டரைக் கிளிப் ஒயரில் கோத்து, கெப்பாசிட்டருக்கும் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) நடுவே சில நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடு. பழக்கம் இல்லையென்றால் ரேடியோ மெக்கானிக் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

ஆறுதந்தி:
தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டையும் மாற்றியாச்சு. ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு டப் கூட இல்லை. ரொம்ப நன்றி அண்ணா. இப்போது மெல்லிய ம்ம்ம் ஒன்று கேட்கிறது, வால்யூமைத் திருகினால் மாறவில்லை. முன்பு அந்த இரைச்சலில் தெரிந்திருக்காது.

சாலிடர்புகை:
கிட்டாரில் ஆறாவது தந்தி, மூன்றாவது ஃப்ரெட் அடித்துப் பாருங்க. அது 98 ஹெர்ட்ஸ். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை டிசி ஆக்கும்போது இரட்டிப்பாகும் என்பதால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டால் 100 ஹெர்ட்ஸில் ஹம் (அந்த ம்ம்ம்) வரும், ஏறக்குறைய அதே சுருதி. ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் ஹீட்டர் ஒயர் அல்லது எர்த் பக்கம் தேடணும்.

ஆறுதந்தி:
அதே சுருதிதான், கொஞ்சம் மேலே.

பழையவால்வ்:
கெப்பாசிட்டர்தான். ஏற்கெனவே இருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே வாங்கு. வோல்ட்டில் 450 எழுதியிருந்தால் 450 அல்லது 500, அதற்குக் கீழே வேண்டாம். ப்ளஸ், மைனஸ் திசையைக் கழற்றும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்.